கண்டக்டர் சட்டையின் பட்டன்

அத்தியாயம் 11

அந்த வீட்டின் முன்னறை பஸ்ஸாக மாறியதோடு போன வாரம் விட்டிருந்தோம். நாற்காலிகள் இன்னும் அப்படியே இரண்டு வரிசையாகத்தான் கிடக்கின்றன. யாராவது எடுத்துப் போடுவார்கள் என்று அந்த வீட்டில் மூன்று பேரும் மற்ற இரண்டு பேருக்காகக் காத்திருக்கிறார்கள்.

மூன்று பேர் யார் என்று புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிவிடலாம். அப்பா, முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா, வீட்டோடு ஒட்டிய அறையில் தையல் கடை வைத்திருப்பவள். மகளுக்கு வயது இருபத்தொன்பது. சின்ன வயதிலிருந்து காதில் ஒன்றைச் செருகிக்கொண்டே திரிந்ததால் வீட்டில் அவளுக்குப் பென்சில் என்று பெயர்.

பென்சில் ஏழு வருடம் ஓர் எஞ்சினியர் அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போட்டாள். மூன்று மாதம் முன்பு அதை விட்டுவிட்டு, சினிமாவுக்கு ஸ்டோரிபோர்டு வரையப் போகிறேன் என்று கிளம்பினாள். கேமரா ஓடுவதற்கு முன்பே காட்சியைக் கட்டம் கட்டமாகக் காகிதத்தில் வரைந்து வைப்பதுதான் அந்த வேலை. எந்தக் கட்டத்தில் யார் முகம், யார் முதுகு, கேமரா எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அம்மா தன் வாடிக்கையாளர்களிடம் இதை, “படம் எடுக்கிறதுக்கு முன்னாடி படம் போடறா” என்று விளக்குவாள். “அப்ப எடுக்கிறவங்களுக்கு அது தெரியாதா?” என்று அவர்கள் கேட்பார்கள். உடனே அம்மா அளவு எடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு ஓர் இயக்குநர் சோதனையாக ஒரே ஒரு காட்சியைக் கொடுத்திருந்தார். ஒரு பெண் வீட்டை விட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். சித்தப்பா பஸ்ஸில் கூடவே ஏறி, திரும்பி வா என்று பேசிக்கொண்டே வருகிறார். அவள் பாதி வழியில் எழுந்து இறங்கிவிடுகிறாள்.

பஸ் என்று கேள்விப்பட்டதும் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாசல் பக்கத்தைப் பஸ்ஸின் கதவாக வைத்து, நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். முன்னால் ஒரு முக்காலியில் ஓட்டுநராக உட்கார்ந்தார். குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி வந்து ஜன்னல் கம்பியில் சாய்வாகக் கட்டினார். “நான் பாசஞ்சரை நேராப் பாத்ததே கிடையாது. எல்லாரையும் இதுலதான் பாத்தேன்” என்றார். அம்மா அந்தப் பெண்ணாக உட்கார்ந்தாள், பக்கத்து வீட்டு வாத்தியார் சித்தப்பா ஆனார். தையல் கடையில் துணி மாட்டுகிற பொம்மை, அப்பாவின் பழைய சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்டக்டராக நின்றது. பென்சில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு கட்டங்கள் வரைந்தாள்.

அந்தக் காட்சி இன்றைக்குப் படமாகிறது. நன்றாக வந்தால் முழுப் படமும் அவளுக்கு. வராவிட்டால் பழைய அலுவலகம். எஞ்சினியர் அவளுடைய நாற்காலியை இன்று மாலை ஆறு மணி வரைக்கும்தான் காலியாக வைத்திருப்பேன் என்று சொல்லியிருந்தார்.

*

காலை ஆறரை மணிக்கு அப்பா ஜன்னலோரமாக நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடி இன்னும் அங்கேதான் இருந்தது.

படப்பிடிப்புக்குப் பழைய மாடல் பஸ் ஒன்று தேவைப்பட்டது. அப்பாவின் கூட்டாளி ஒருவருடைய ஷெட்டில் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தட்டி எழுப்பி ஓட்டிக் காட்டக்கூடிய ஆள் தன்னை விட்டால் இல்லை என்று அப்பாவே பேசி முடித்து, ஓட்டுநர் வேலையையும் வாங்கிவிட்டார். பென்சிலுக்கு அதில் பாதி சந்தோஷம், பாதி பயம்.

“அப்பா, திரும்பவும் சொல்றேன். அங்க போனா நீங்க டிரைவர், நான் போர்டு. அப்பா, பொண்ணுன்னு யாருக்கும் தெரிய வேணாம். குடும்பத்தோட வந்துட்டான்னு பேசுவாங்க.”

“புரிஞ்சுது மேடம்.”

“மேடம் எல்லாம் வேணாம்.”

“வேற எப்படிக் கூப்பிடறது? பென்சில்னா?”

பென்சில் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அம்மா தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள். சாப்பாட்டு டப்பாக்கள் இரண்டை மேஜைமேல் வைத்துவிட்டு, அங்கே பரப்பிக் கிடந்த கட்டங்களை ஒரு தடவை பார்த்தாள். ஏழாவது கட்டத்தில் அவள் விரல் நின்றது.

“செவ்வாய்க்கிழமையே சொன்னேன். இந்தக் கண்டக்டர் பொம்பளை சட்டை போட்டிருக்கான்.”

“அம்மா, ஆரம்பிச்சுடாதே.”

“ஆம்பளை சட்டைக்குக் காஜா இடது பக்கம், பட்டன் வலது பக்கம். இதுல மாறி இருக்கு. அந்தச் சட்டையைத் தைச்சவ நானு.”

“சினிமா தியேட்டர்ல போய் உக்காந்து பட்டன் எந்தப் பக்கம்னு பாக்கிற ஒரே ஆள் நீதாம்மா. போஸ்டர்ல உன் பேரைப் போடச் சொல்றேன்.”

அம்மா அந்தக் கட்டத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டப்பாக்களைப் பையில் வைத்து, “சாப்பிட்டுட்டு வேலை பாரு. வெறும் வயித்தோட நிக்காதே” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

*

படப்பிடிப்பு ஒரு பழைய பஸ் பணிமனையில். தரையெல்லாம் எண்ணெய்க் கறை. சுவரில் மங்கிப்போன எண்கள். மாலை ஐந்து மணிக்குக் காலி செய்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அறுபது பேர் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த அறுபது பேரில் பாதிப் பேர் கையில் தான் வரைந்த காகிதம் இருப்பதைப் பார்த்ததும் பென்சிலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விளக்குக்காரர் ஒருவர் பன்னிரண்டாம் கட்டத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். அதற்காக அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்பா பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டு, “குட்மார்னிங் மேடம்” என்று சல்யூட் அடித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பென்சில் வேகமாக நகர்ந்துவிட்டாள்.

இயக்குநருக்கு ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாத பெண். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் காதுக்கம்பியைப் பல்லால் கடித்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். காலையில் அவர் கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு அது இறங்கியது.

கேமராமேன்தான் முதலில் கேட்டார். அவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில், பயணிகளைப் பார்த்தபடி கேமராவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “அந்தப் பொண்ணு எப்படி எறங்கும்?”

“கதவு வழியாத்தான்” என்றார் ஆர்ட் டைரக்டர்.

“கதவு இங்க இருக்கு. அது உக்கார வேண்டிய சீட் எங்க?”

சீட் இல்லை. கதவுப் பக்கத்து நான்கு சீட்டுகளையும் காணோம். அந்த இடத்தில் கேமரா நகர்வதற்கான தண்டவாளம் போட்டிருந்தார்கள். அது கதவையே பாதி அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே, கதவுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், அழகான ஒரு பஸ் நிறுத்தம் கட்டி, பெயின்ட் கூட இன்னும் காயாமல் இருந்தது. அந்தப் பெண் இறங்கி அந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகத்தான் குதிக்க வேண்டும்.

“போர்டுல இருக்கிறபடிதான் பண்ணினேன்” என்றார் ஆர்ட் டைரக்டர். அவர் குரலில் கோபம் இல்லை. காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். “பாசஞ்சரைப் பாத்து நிக்கிறோம். கதவு, சீட், ஸ்டாப் மூணும் நமக்கு இடது பக்கம். வலது பக்கத்துல ஆளே இல்ல, அதனால அந்த சீட்டை எடுத்துட்டு தண்டவாளம் போட்டோம். ராத்திரியோட ராத்திரியா பசங்க பண்ணாங்க. இடது, வலதுன்னு பாத்தாங்களே தவிர வண்டியில கதவு எங்க இருக்குன்னு பாக்கல.”

“திரும்ப மாட்டிடலாமா?” என்றார் கேமராமேன்.

“போல்ட் எல்லாம் துருப்பிடிச்சிருந்துச்சு. அறுத்துத்தான் எடுத்தோம்.”

எல்லாரும் பென்சிலைப் பார்த்தார்கள்.

இவர்கள்தான் தப்பாகப் படித்திருக்கிறார்கள் என்றே அவள் முதலில் நினைத்தாள். ஏழு வருடம் கதவு போட்டவள் அவள். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காகிதத்தில் கால்வட்டம் கால்வட்டமாக ஆயிரம் கதவு வரைந்திருப்பாள். கதவில் அவளுக்குத் தப்பு வராது. அப்படி நினைத்துக்கொண்டே காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினாள். எதிரே கண்டக்டர் வேஷம் போட்ட நடிகர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் சட்டையில் காஜா இடது பக்கம். பட்டன் வலது பக்கம்.

ஏழாவது கட்டத்தைப் பார்த்தாள். மாறி இருந்தது.

கண்ணாடி. அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் தெரிந்ததை அப்படியே வரைந்திருக்கிறாள். வரைந்துவிட்டு, அது பயணிகளை நேருக்கு நேர் பார்க்கிற கேமராவின் பார்வை என்று கீழே கைப்பட எழுதியும் வைத்திருக்கிறாள். நேரில் திரும்பிப் பார்த்தால் வலது பக்கம் இருக்க வேண்டியது எல்லாம் இடது பக்கம் இருந்தது. நாற்பத்திரண்டு கட்டமும் அப்படியே.

காது இரண்டும் சூடாகிவிட்டன. அம்மா செவ்வாய்க்கிழமை சொன்னதும் தான் சிரித்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

“தப்பு என்னுதுதான் டைரக்டர் அம்மா.” சொன்னது அவள் இல்லை. அப்பா. துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு படியில் நின்றிருந்தார். “மேடம் மேல ஒண்ணும் இல்ல. கண்ணாடியை நான்தான் மாட்டினேன்.”

இயக்குநர் அவரைப் பார்த்தார். “எங்க மாட்டினீங்க?”

“இவங்க வீட்டு ஜன்னல்ல.”

“இவங்க வீட்டு ஜன்னல்ல நீங்க எதுக்குக் கண்ணாடி மாட்டறீங்க?”

அப்பா பென்சிலைப் பார்த்தார்.

“அவர் என் அப்பா மேடம்” என்றாள் பென்சில். “தப்பு அவருது இல்ல, என்னுது. நான் கண்ணாடியைப் பாத்து வரைஞ்சுட்டு, நேராப் பாத்த மாதிரி எழுதிக் குடுத்துட்டேன்.”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். கேமராமேன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்றைக்கு மூட்டை கட்டிவிடலாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். இன்னொரு நாள் என்றால் இன்னோர் ஆள் வரைவார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியைக் கடித்தபடி வெளியே இறங்கப் போனார்.

“நாப்பது நிமிஷம் குடுங்க மேடம்.”

தன் குரல்தான் அது என்று பென்சிலுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது.

“என்ன பண்ணுவீங்க?”

“இன்னும் தெரியல. ஆனா இந்த நாப்பத்திரண்டு கட்டமும் பொய் இல்ல. ஒரு ஆள் நிஜமாவே இப்படித்தான் பாப்பாரு. நான் அந்த ஆளை வரையாம விட்டுட்டேன்.”

இயக்குநர் உதவியாளரைப் பார்த்து, “சாப்பாட்டை இப்பவே போடச் சொல்லுங்க” என்றார்.

*

பென்சில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்டியரிங் மேல் பலகையை வைத்து வரைய ஆரம்பித்தாள். அப்பா படியில் உட்கார்ந்து, யாரையும் பஸ்ஸில் ஏறவிடாமல் காவல் காத்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒருமுறை நீட்டினார். அவள் கவனிக்காததால் மூடி வைத்துவிட்டார்.

“அப்பா, ஒரு பாசஞ்சர் எறங்கறப்ப நீங்க எங்க பாப்பீங்க?”

“முதல்ல உள் கண்ணாடி. எந்திரிக்கிறாங்களான்னு. அப்புறம் தலையைத் திருப்பிப் படிக்கட்டு, காலு கீழ வெச்சாச்சான்னு. அப்புறம் வெளிக் கண்ணாடி. வண்டிகிட்ட யாரும் இல்லைன்னு தெரிஞ்சாத்தானே எடுக்க முடியும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ரோடு.” கொஞ்சம் யோசித்தார். “எடுத்ததுக்கு அப்புறம் சும்மா ஒருதரம் உள் கண்ணாடி பாப்பேன். அதுக்கு ஒரு காரணமும் கிடையாது. காலி சீட்டுதான் தெரியும்.”

பென்சில் அதை வரைந்தாள்.

நாற்பது நிமிடம் ஐம்பதாகியது. நாற்பத்திரண்டு கட்டம் ஒன்பதாகியது. ஓட்டுநரின் தலைக்கு மேல் தொங்குகிற அந்த நீளக் கண்ணாடிக்குள் அந்தப் பெண்ணின் முகமும் சித்தப்பாவின் தோளும் மட்டும். கண்ணாடிக்கு வெளியே ஓட்டுநரின் இரண்டு கண்கள். அவள் எழுந்ததும் கண்ணாடியில் அவள் முகம் இருந்த இடத்தில் வயிறு, பிறகு ஒன்றும் இல்லை. படியில் ஒரு கால். வெளிக் கண்ணாடியில் கையில் பெட்டியோடு சின்னதாகிக்கொண்டே போகிற ஓர் உருவம். கடைசியில் காலி இருக்கை. இவ்வளவுதான். பெண்ணும் சித்தப்பாவும் ஓட்டுநருக்கு நேர் பின்னால், மிச்சமிருக்கிற சீட்டுகளில் உட்கார்ந்தால் போதும். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டால் அவள் இறங்கக் கதவும் கிடைத்துவிடும். அறுத்தெடுத்த சீட்டுகள் எதிலும் தெரியாது. பஸ் நிறுத்தமே தேவையில்லை.

இயக்குநர் ஒன்பதையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கையில் விரித்துப் பார்த்தார்.

“சித்தப்பா வசனம் ரெண்டு பக்கம் இருக்கே. எங்க போச்சு?”

“குரல் கேக்கும் மேடம். முகம்தான் இல்ல. டிரைவருக்கு அது தெரியாது, காதுல விழும், அவ்வளவுதான்.”

“அந்த நடிகர் கோவிச்சுக்குவார்.”

“அஞ்சாவது கட்டத்துல அவர் கை இருக்கு. அவளைத் தடுக்கப் போய், பாதியில நின்னுடும்.”

இயக்குநர் ஐந்தாவது கட்டத்தை எடுத்து மேலே வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடி மூக்கின்மேல் ஏறியது.

“இந்தக் கண்ணு யாரோடது?”

பென்சிலுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒன்பது கட்டத்திலும் ஓட்டுநருக்கு அப்பாவின் கண்களையே வரைந்திருந்தாள், இடது புருவத்தில் பாதியில் நிற்கிற தழும்பு உட்பட. இந்தத் தடவை அது சரியான பக்கத்தில் இருந்தது.

*

“நான் என்ன செய்யணும்?” என்று அப்பா கேட்டார்.

“வண்டி ஓட்டுங்க. கண்ணாடி பாருங்க” என்றார் இயக்குநர்.

“அதைத்தானே முப்பத்தொரு வருஷம் செஞ்சேன்.”

“அதையே செய்யுங்க.”

சொல்வது சுலபம். முதல் தடவை அப்பா கேமராவைப் பார்த்து வணக்கம் சொன்னார். இரண்டாம் தடவை முகத்தை இறுக்கிக்கொண்டு, யாரையோ கைது செய்யப் போகிறவர் மாதிரி ஓட்டினார். மூன்றாம் தடவை நடுவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அப்பா பிரேக் போட்டு, நாய் போகிறவரை காத்திருந்து, அந்தக் கணத்தில் கேமராவைச் சுத்தமாக மறந்துவிட்டார். “நிறுத்தாதீங்க, அப்படியே ஓடட்டும்” என்று இயக்குநர் கையைக் காட்டினார்.

வண்டி நகர்ந்தது. பின்னால் சித்தப்பாவின் குரல். உள் கண்ணாடியில் அந்தப் பெண் எழுந்தாள். அப்பாவின் கண் கண்ணாடிக்குப் போய், வண்டி நின்றதும் படிக்கட்டுக்குத் திரும்பி, வெளிக் கண்ணாடிக்குப் போனது. வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனபின் உள் கண்ணாடியை ஒருதரம் பார்த்தார். பார்வையை ரோட்டுக்குக் கொண்டுவர, எப்போதையும்விடச் சற்றுக் கூடுதல் நேரம் ஆனது.

மானிட்டர் பக்கத்தில் நின்ற பென்சிலுக்குக் கண் கலங்கிவிட்டது. அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். ஆர்ட் டைரக்டர் தன் தோள் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அதில் காயாத பெயின்ட் இருந்தது.

“என்னப்பா நெனச்சீங்க அப்ப?” என்று பிறகு கேட்டாள்.

“ஒண்ணும் நெனைக்கல. சீட்டு காலியா இருந்துச்சு.” அப்பா சாவியைக் கையில் உருட்டினார். “நீ மூணு மாசம் முன்னாடி வேலையை விட்டுட்டு வந்தேன்னு சொன்னப்ப, எனக்கு ரொம்ப பயமாத்தான் இருந்துச்சு. உங்கிட்ட சொல்லல. அது இப்ப ஞாபகம் வந்துச்சு.”

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாம் முடிந்தது. இயக்குநர் வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. காரில் ஏறும்போது, தடியான ஒரு நோட்டை ஜன்னல் வழியாக நீட்டினார். முழுப் படத்தின் திரைக்கதை. ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே ஒரு வெற்றுப் பக்கம், வரைவதற்கு.

“வெள்ளிக்கிழமைக்குள்ள முதல் பத்து சீன். வரையறப்ப கண்ணாடி எங்க இருக்குன்னு ஒருதரம் பாத்துக்கங்க.”

*

ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. அப்பா பஸ்ஸை ஷெட்டில் விடப் போயிருந்தார். பென்சில் பணிமனைக்கு வெளியே சுவரோரமாக நின்று எஞ்சினியரைக் கூப்பிட்டாள். எழுதி வைத்து மனப்பாடம் செய்தவள் மாதிரி நன்றி சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள், தனக்குப் படம் கிடைத்துவிட்டது என்றாள்.

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

“என்னம்மா இது. காலையில பதினொரு மணிக்கு உங்க அம்மா போன் பண்ணி, திங்கட்கிழமை நிச்சயம் வருவான்னு சொன்னாங்களே. அதை நம்பி வேற ஒரு பையனைத் திருப்பி அனுப்பிட்டேன்.” பெருமூச்சு விட்டார். “போன்ல பேசற விஷயம் இல்ல இது. நாளைக்குக் காலையில வீட்டுக்கே வரேன்.”

பதினொரு மணி. கேமராமேன் நிமிர்ந்து, அந்தப் பொண்ணு எப்படி எறங்கும் என்று கேட்ட நேரம்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். நாயைப் பற்றி மட்டும் மூன்று தடவை சொன்னார். பென்சில் ம் கொட்டிக்கொண்டு வந்தாள்.

தையல் அறையில் விளக்கு எரிந்தது. அப்பா குளிக்கப் போனதும் பென்சில் மிஷின் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா கெட்டித் துணி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் படம் கிடைச்சுடுச்சும்மா.”

“அப்பா கத்தினது தெருமுனையில இருந்தே கேட்டுச்சு.” அம்மா தலையைத் தூக்கவில்லை. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. “சாப்பிட்டியா?”

“எஞ்சினியர் சாருக்கு போன் பண்ணியா?”

மிஷின் நிற்கவில்லை. “பண்ணினேன்.”

“நான் வருவேன்னு நீ எப்படிச் சொல்லலாம்?”

“அழுதுகிட்டு வருவேன்னு நெனச்சேன். அப்படி வந்துட்டு, மறுபடி அவர்கிட்ட நீயாப் போய்க் கேட்டு நிக்க வேணாம்னுதான்.”

“நான் அழுதுகிட்டு வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

மிஷின் நின்றது.

பென்சில் ஏழாவது கட்டத்தை எடுத்து ஊசிக்குப் பக்கத்தில் வைத்தாள். “பட்டன் மட்டும்தான் தப்புன்னு நெனச்சியா, இல்ல எல்லாமே தெரியுமா?”

அம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை. மூலையில் திரை போட்ட அறையைப் பார்த்தாள். சட்டை போட்டுப் பார்க்கிறவர்களுக்காக அங்கே ஆளுயரக் கண்ணாடி இருந்தது.

“இருபத்தாறு வருஷமா அந்தக் கண்ணாடி முன்னாடி நிக்கிறேன். எது நேரு, எது கண்ணாடின்னு எனக்குத் தெரியாதா. செவ்வாய்க்கிழமையே தெரிஞ்சுது.”

“சொல்லலையே.”

“பட்டனைச் சொன்னேன். நீ சிரிச்சே. மீதியைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு.” அம்மாவின் குரல் தழைந்தது. “ஒரு தடவை தப்பாப் போச்சுன்னா பழைய வேலைக்கே போயிடுவா, எட்டு மணிக்குப் போய் ஆறு மணிக்கு வருவான்னு தோணுச்சு. அப்படித் தோணினது தப்புதான். இல்லைன்னு சொல்லல.”

பென்சிலுக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். ஐம்பது நிமிடம் அந்த ஓட்டுநர் இருக்கையில் தனக்கு எப்படி இருந்தது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் அழுதுவிடுவோம் என்றும் இருந்தது.

அம்மா நூலைக் கடித்து அறுத்தாள். தைத்துக்கொண்டிருந்ததை மேஜைமேல் விரித்து வைத்தாள். தோளில் மாட்டுகிற பை. அகலமாக, தட்டையாக, உள்ளே பென்சில்களுக்கு வரிசையாகப் பத்துச் சின்ன உறைகள். வரைகிற பலகையின் அளவு.

“இதை எப்பம்மா ஆரம்பிச்சே?”

“பத்து மணிக்கு. நடுவுல எந்திரிச்சுப் போய் அவருக்கு போன் பண்ணிட்டு, திரும்ப வந்து இதுலயே உக்காந்தேன்.” அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டும் நான்தான் பண்ணினேன். என்ன செய்யச் சொல்றே.”

பென்சில் திரைக்கதை நோட்டைப் பைக்குள் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது. ஓரத்தில் ஒரு விரல் இடம்கூட விட்டு அம்மா தைத்திருந்தாள்.

“நாளைக்குக் காலையில எஞ்சினியர் சார் வீட்டுக்கு வரார்” என்றாள்.

அம்மாவுக்கு ஒரு நிமிடம் முகம் வெளுத்தது. “வாக்கு குடுத்தது நானு. நான் பேசிக்கிறேன்.”

“நானும் இருப்பேன்.”

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே முன்னறைக்கு வந்தார். தையல் அறைக்குள் எட்டி இருவர் முகத்தையும் பார்த்தார். ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்து, என்ன என்று கேட்காமல், இரண்டு வரிசை நாற்காலிகளின் நடுவே போய் நின்றார்.

“யாரு வராங்க? எஞ்சினியரா? அப்ப இதையெல்லாம் எடுத்துப் போட்டுடட்டுமா?”

“வேணாம்” என்றாள் அம்மா. “வெள்ளிக்கிழமைக்குள்ள அவளுக்கு வேலை இருக்கு. அப்படியே கெடக்கட்டும்.”

“அப்ப அவர் எங்க உக்காருவாரு?”

அம்மா ஊசியில் மறுபடி நூல் கோத்தாள்.

“கதவுப் பக்கமா உக்காரட்டும். எறங்கிப் போக வசதியா இருக்கும்.”

இன்றைக்கு அம்மாவோடு சிரிப்பதில்லை என்றுதான் பென்சில் நினைத்திருந்தாள்.